பணியில் நிறைவும் தாபனத்தில் பற்றும்

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15 ஆந் திகதி, திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய நாள் தொட்டு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் அங்கே பறந்த கொடி இறங்கியது. அரசியல் வரலாறு எழுதுவோர் அந்நாளைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். பண்டாரநாயக்க அரசாங்கத்தின் சாதனையாக அதனைப் போற்றியவர் உண்டு. இனிப் பாதுகாப்புக்கு என் செய்வோம் என்று கவலையுற்றவரும் உண்டு. ஆனால், டொக்யாட் என்று ஊரார் வழங்கிய அந்தக் கப்பல் திருத்தும் தளத்திலே பொருத்துநராகவும் தச்சராகவும் கொல்லராகவும் களஞ்சியக் காப்பாளராகவும் சுமை தூக்குவோராகவும் உழைத்த மக்களின் மனநிலை யாது என்று கேட்டவர் மிகச் சிலரே.

கடல் அதுவே, இறங்குதுறை அதுவே, கையிலிருந்த உளியும் சுத்தியலும் அவையே. எசமான் மட்டும் மாறிவிட்டான். பலருக்கு வேலையே போயிற்று. வேலை இழந்த நானூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளரைப் பொலன்னறுவை மாவட்டத்திலே குடியமர்த்த அரசாங்கம் எண்ணியதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும், 1958 ஆம் ஆண்டின் துயரங்களில் அதற்கிருந்த பங்கும் வரலாற்றிலே பதிந்தவை. அவற்றை விரித்துரைப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று. ஒருவன் ஒரு தாபனத்திலே இருபது முப்பது ஆண்டுகள் வேலை செய்கிறான். அவ்வேலையில் அவனுக்கு மனநிறைவு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிறைவு அவனைத் தாபனத்தோடு பிணைத்ததா, அல்லது வேறெதனோடேனும் பிணைத்ததா? இதுவே இன்றைய வினா. கொடிகள் பலமுறை மாறிய திருகோணமலையைப் போல இந்த வினாவை ஆராய்வதற்கு ஏற்ற ஊர் இலங்கையிலே வேறில்லை எனலாம்.

முதலிலே இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பணி நிறைவு என்பது, தான் செய்யும் வேலையை ஒருவன் எண்ணிப் பார்க்கும்போது அவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி. சம்பளம், மேற்பார்வையாளரின் குணம், உடன் வேலை செய்வோரின் நட்பு, வேலையின் சுவை, பதவி உயர்வுக்கான வழி ஆகிய யாவும் அதிலே கலந்திருக்கும். தாபனப் பற்று என்பது அதனினும் அகன்றது. இந்தத் தாபனம் என்னுடையது, இதன் உயர்வு என் உயர்வு, இதைவிட்டுப் போக மனம் வரவில்லை என்று ஒருவன் கருதும் நிலை அது. நிறைவு நாளுக்கு நாள் ஏறி இறங்கக்கூடியது. இம்மாதம் மேலதிக நேரக் கொடுப்பனவைக் குறைத்தால் அடுத்த நாளே நிறைவு குறையும். பற்று அவ்வளவு விரைவாக வளர்வதுமில்லை, அவ்வளவு விரைவாகத் தேய்வதுமில்லை. 1974 ஆம் ஆண்டிலே போர்ட்டர் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய தோழர்களும் மனநோய் மருத்துவமனைப் பயிற்சியாளர்களை ஆராய்ந்து, யார் வேலையில் நிலைப்பர், யார் விலகுவர் என்று பிரித்தறிவதற்கு நிறைவைக் காட்டிலும் பற்றே சிறந்த அடையாளம் எனக் கண்டனர். அப்பற்றை அளப்பதற்குப் பதினைந்து வினாக்கள் கொண்ட ஒரு வினாக்கொத்தையும் அவர்கள் பின்னர் வெளியிட்டனர். அந்த வினாக்கொத்து இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஆயினும், நமது கந்தோர்களிலே வினாத்தாளை நீட்டினால், கேட்பவர் யார், இது மேலிடத்துக்குப் போகுமா என்று பார்த்துவிட்டே பலர் பேனாவை எடுப்பர் என்பதையும் மறத்தல் கூடாது.

நிறைவு எதனாலே உண்டாகிறது என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். சிக்காகோ நகருக்கருகே ஹோத்தோர்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற சோதனைகளைப் பலரும் கேள்வியுற்றிருப்பர். விளக்கொளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்க்கத் தொடங்கியவர்கள், ஒளியைக் குறைத்தபோதும் வேலை கூடியதைக் கண்டு திகைத்தார்கள். தம்மை ஒரு பொருட்டாக மதித்து ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்ச்சியே தொழிலாளரை ஊக்கியது என எல்டன் மேயோ முதலானோர் விளக்கம் கூறினர். அவ்விளக்கம் பிற்காலத்திலே கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1959 ஆம் ஆண்டில் ஹேர்ஸ்பேர்க் என்பார், பிட்ஸ்பேர்க் நகரைச் சார்ந்த ஏறத்தாழ இருநூறு பொறியியலாளரிடமும் கணக்காளரிடமும் பேசி எழுதிய நூல் இன்னொரு வழியைக் காட்டியது. மனக்குறையைத் தருபவை வேறு, மனநிறைவைத் தருபவை வேறு என்றார் அவர். சம்பளம் குறைவு, மேலதிகாரி கொடியவர், கூரை ஒழுகுகிறது என்பன மனக்குறையை உண்டாக்கும்; ஆனால் அவற்றை நீக்கிவிட்டால் மட்டும் நிறைவு வந்துவிடாது. செய்து முடித்தோம் என்ற பெருமிதமும், அதைப் பிறர் அறிந்து பாராட்டுதலும், பொறுப்பைத் தன் கையில் பெறுதலுமே நிறைவைத் தருவன என்பது அவர் கொள்கை. சம்பளத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கியமை ஒரு செல்வ நாட்டிலே சொல்லத்தக்க வார்த்தை. அரிசியின் விலை ஏறும் நாட்டில் அதை அப்படியே ஏற்பது கடினம்.

இனி, பற்றின் வகைகளைப் பார்ப்போம். கனடா நாட்டைச் சேர்ந்த மேயர், அலன் என்ற இருவர் 1990 ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய கட்டுரைகளிலே தாபனப் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். விரும்பி இருப்பது ஒன்று. வேறு வழியின்றி இருப்பது ஒன்று. இருப்பதே முறை என்று கருதி இருப்பது ஒன்று. வெளியிலிருந்து பார்ப்போருக்கு மூவரும் ஒரே மாதிரியே தோன்றுவர். மூவரும் நேரத்துக்கு வந்து கையொப்பம் இடுவர். இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்கான பரிசை மூவரும் ஒரே மேடையில் பெறுவர். உள்ளே இருக்கும் கயிறு மட்டும் வேறு.

வேறு வழியின்றி இருக்கும் பிணைப்பை அறிய, திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பார்த்தால் போதும். அங்கே மாதச் சம்பளம் என்பதில்லை. பிடிபட்ட மீனிலே பங்கு. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. பருவம் தொடங்குமுன் இழுப்பவன் முற்பணம் வாங்குகிறான். அது வீட்டுச் செலவிலே கரைகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களிலே மேலும் கடன் வாங்குகிறான். அடுத்த பருவத்தில் வேறொரு வலைக்குப் போக அவன் நினைத்தாலும் முற்பணம் அவனைத் தடுக்கிறது. ஆண்டு பல சென்றபின், இவன் நம்முடைய ஆள், எங்கும் போகமாட்டான் என்று சம்மாட்டி பெருமையோடு கூறுவார். அது பற்றுத்தானா? வலையிலே மீன் நிறையும் நாளில் அவனும் பாடி இழுக்கிறான். அன்றைக்கு அவனுக்கு நிறைவு உண்டு. ஆனால் அவனை அங்கே நிறுத்தியது அந்த நிறைவன்று.

கடனுக்குப் பதிலாகச் சேமிப்பை வைத்தால் கந்தோர் உத்தியோகமும் இதே கணக்குத்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹவாட் பெக்கர் 1960 ஆம் ஆண்டில் இதை அழகாக விளக்கினார். ஒருவன் ஓரிடத்தில் நெடுநாள் இருக்க இருக்க, விலகினால் இழக்க வேண்டியவை ஒவ்வொன்றாகக் குவிகின்றன என்றார். நமது நாட்டிலே 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. இன்று ஊழியர் பங்கு நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் பங்கு நூற்றுக்கு 12. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு முடித்தவனுக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்று விதித்தது. அரசாங்க ஊழியருக்கோ ஓய்வூதியம். இவை யாவும் உழைப்பவனுக்கு உரிய நியாயமான பாதுகாப்புகள். இவற்றைக் குறை கூறுவது பாவம். ஆயினும், சீனக்குடாவிலே நாலு ஆண்டும் பத்து மாதமும் வேலை செய்த ஓர் இளைஞன் இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கிறான் என்றால், அவன் பற்றுக்கொண்டிருக்கிறான் என்று முகாமையாளர் மகிழ்வது தவறு. அவன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வகைகளுக்கும் பணி நிறைவுக்கும் உள்ள தொடர்பை எண்களாலும் அளந்திருக்கிறார்கள். அதுவரை நடந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து மேயரும் அவருடைய தோழரும் 2002 ஆம் ஆண்டிலே வெளியிட்ட தொகுப்பின்படி, விரும்பி இருக்கும் பற்றுக்கும் பணி நிறைவுக்கும் உள்ள இணைவு 0.65. மனித மனத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளிலே இது மிக உயர்ந்த எண். கடமையென்று கருதி இருக்கும் பற்றுக்கு அது 0.31 மட்டுமே. வேறு வழியின்றி இருக்கும் பிணைப்புக்கோ சுழியத்துக்குச் சற்றுக் கீழே. வேறு விதமாகச் சொன்னால், போக வழியில்லாமல் இருப்பவன் மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், மகிழ்ச்சியற்றும் இருக்கலாம். அவன் இருப்பதைக் கொண்டு அவன் மனத்தை அறிய முடியாது. நிறைவு முந்தியதா, பற்று முந்தியதா என்ற வாதமும் உண்டு. பற்றே முந்தியது, பற்றுடையவன் தன் வேலையிலும் நிறைவு காண்கிறான் என்று 1984 ஆம் ஆண்டில் சிலர் வாதாடினர். இரண்டு ஆண்டு கழித்து வேறு சிலர், அவ்வாறு எதையும் நிறுவ முடியவில்லை என்றனர். அந்த வாதத்தை அறிஞருக்கே விட்டுவிடலாம்.

கடமை என்று கருதி இருக்கும் பற்றைப் பற்றிக் கனடாவிலிருந்து நாம் கற்க வேண்டிய தேவை இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லிலே தமிழர் அதனை அடக்கிவிட்டார்கள். இராவணன் வெட்டு என்று ஒரு மலைப்பிளவைச் சுவாமிமலையிலே காட்டும் ஊர் திருகோணமலை. ஆதலால் இராமாயணத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கும்பகருணனுக்குத் தமையனுடைய செயலில் உடன்பாடு இல்லை. சீதையை விட்டுவிடு என்று இடித்துரைக்கிறான். பின்னர், உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் புகுந்து மடிகிறான். அவனுக்குத் தன் பணியிலே நிறைவு இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. பற்று இருந்ததை எவரும் மறுக்க முடியாது. விபீடணனும் அதே அறிவுரையைக் கூறினான், ஏற்கப்படாதபோது வெளியேறினான். அல்பேட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970 ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றிலே, சீர்கெடும் தாபனத்தில் இருப்பவர் முன்னே உள்ள வழிகள் வெளியேறுதலும் குரல் எழுப்புதலும் என்றும், எவ்வழியை ஒருவர் தெரிவார் என்பதில் விசுவாசத்துக்குப் பங்குண்டு என்றும் கூறினார். கம்பனின் இலங்கையிலே அவை அனைத்தையும் காணலாம். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இருவரும் வாய் திறந்து குறை கூறியவர்கள். வாய் மூடித் தலையசைத்த மந்திரிமாரையே இராவணன் பற்றுடையோர் என்று நம்பியிருந்தான். குறை கூறுபவனைப் பகைவனாகக் கருதும் வழக்கம் நமது தாபனங்களிலே இன்றும் உண்டு. 1980 ஆம் ஆண்டு யூலை மாத வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ நாற்பதினாயிரம் ஊழியர் வேலை இழந்தனர். அதன்பின் எழுந்த மௌனத்தை அமைதி என்று அழைத்தவர்களும் உளர்.

நிறைவும் பற்றும் ஒன்றாகக் கலந்த நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடினால், திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலே நமக்கு உதவுகிறது. அக்கப்பல் இவ்வூரிலே கட்டப்பட்டதன்று. பம்பாய்க் கப்பல் தளத்திலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்டு 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கடலில் இறக்கப்பட்டது. இருநூறு ஆண்டு கடந்த பின்னும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறைமுகத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அவருடைய முன்னோர் லவ்ஜி, 1730களிலே சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வரப்பட்ட தச்சர். தலைமைக் கப்பற் சிற்பி என்னும் பதவி அக்குடும்பத்திலே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுக்குச் சம்பளத்தை அள்ளிக் கொடுத்துத் தன்னோடு நிறுத்தியது என்று கருதுவதற்கில்லை. கப்பல் கட்டும் பொறுப்பை அவர்கள் கையில் விட்டது. மரத்தைத் தெரிவதிலும் இணைப்பதிலும் அவர்கள் தீர்ப்பை ஏற்றது. வெள்ளியினாலான அளவுகோலைப் பரிசளித்தது. ஜம்ஷெட்ஜியின் உருவப்படத்திலே அந்த வெள்ளிக்கோல் காணப்படுகிறது. இன்ன வேலையை இன்னான் முடிப்பான் என்று தெளிந்தால் அதை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்து வினையாடல் என்ற அதிகாரத்திலே வள்ளுவர் கூறிய அறிவுரை. கம்பெனியார் குறள் படித்தார்களோ இல்லையோ, பம்பாய்த் தளத்திலே அதைச் செய்தார்கள். வேறு பல இடங்களிலே அவர்கள் அதைச் செய்யவில்லை என்பதும் நாம் அறிந்ததே.

வாடியா குடும்பத்தின் பற்று கம்பெனிமீதா, கப்பல் கட்டும் கலைமீதா என்ற ஐயம் இங்கே எழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தழுவியிருந்தவரை அந்த வினாவுக்கு இடமில்லை. எசமான் மாறும்போதுதான் அது தெரிய வரும். சீனக்குடாவிலே காட்டுக்கு நடுவே நிற்கும் 99 எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை அவை. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது எண்ணெய்க் குதமும் எரிந்தது. பின்னர் அவை இலங்கையின் உடைமையாயின. 2003 ஆம் ஆண்டில் இந்திய எண்ணெய்க் கம்பெனியின் இலங்கைக் கிளை அங்கே வந்தது. 2022 ஆம் ஆண்டு சனவரி உடன்படிக்கைப்படி 14 குதங்கள் அக்கம்பெனிக்கும், 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 குதங்கள் இரண்டும் சேர்ந்த புதிய கம்பெனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. இந்த வானொலியைக் கேட்கும் நேயர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். திருகோணமலையில் ஜேர்மன் வானொலி நடத்திய அஞ்சல் நிலையம் 2013 ஆம் ஆண்டிலே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்புக்கு வந்தது. கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன; பெயர்ப்பலகை மாறிற்று.

இத்தகைய மாற்றங்களின்போது உயர்ந்த மாடத்திலே உடன்படிக்கை கைச்சாத்தாகிறது. கீழே வால்வைத் திருகுபவனுக்கு அது ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்கிறது. அவன் தன் வேலையை நேற்றுப் போலவே செய்கிறான். எந்தக் குழாய் எங்கே கசியும், எந்தத் திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அறிவு அவன் கையிலே இருக்கிறது. அவ்வறிவை மதிப்பவர் எவரோ அவரோடு அவன் மனம் ஒட்டும். புதிய எசமான் வந்த முதல் மாதத்திலே பழைய கையாட்களை அழைத்து, இது எப்படி ஓடுகிறது சொல்லுங்கள் என்று கேட்பாராயின், பல ஆண்டுப் பற்று அப்படியே புதிய பெயருக்குக் கைமாறும். கேளாது, புதிய சீருடையை மட்டும் கொடுத்தால், அவர் பெறுவது சீருடை அணிந்த உடல்களையே.

தாபனம் அழிந்த பின்னும் பற்று நின்றதற்கு இம்மாவட்டத்திலேயே சான்றுண்டு. கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயிற் பணிக்கென மக்களைக் குடியேற்றித் தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து, நிலங் கொடுத்து, இன்னின்னார்க்கு இன்னின்ன தொழும்பு என்று நியமித்ததாகக் கூறும். நிலமும் கொடுத்தான், கடமையும் கொடுத்தான், ஊரவர் முன்னே ஒரு தகுதியும் கொடுத்தான். மேயரும் அலனும் கூறிய மூன்று கயிறுகளும் அங்கே முறுக்கப்பட்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கடலிலே தள்ளினர். அரசனில்லை, கோபுரமில்லை, மேற்பார்வை செய்வாரில்லை. ஆயினும் தொழும்பு நிற்கவில்லை. தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் கோயிலிலே அது தொடர்ந்தது என்பது மரபு. பிறப்பால் வரும் தொழிலை இன்று எவரும் விரும்பார், விரும்பவும் கூடாது. ஆனால் ஒரு வேலை தலைமுறை கடந்து நிற்க வேண்டுமானால், அதைச் செய்பவன் தன் பெயர் அதிலே எழுதப்பட்டிருப்பதாக உணர வேண்டும் என்பதைத் தம்பலகாமம் நமக்குக் காட்டுகிறது.

தொழிற்சாலைகளை விட்டுப் பாடசாலைகளுக்கு வருவோம். சீனக்குடாவிலே 1980 முதல் இயங்கும் பிறீமா மா ஆலையிலும், 1982 ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்ட சிமெந்துத் தொழிற்சாலையிலும் உற்பத்தி எத்தனை தொன் என்று நாள்தோறும் அளக்கலாம். ஆசிரியனுடைய பற்றை எந்தத் தராசிலே நிறுப்பது? வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளி முதலிய இடங்களிலே கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் பல உண்டு. நகரத்திலே பிறந்து வளர்ந்த ஓர் இளம் ஆசிரியை அங்கே நியமனம் பெறுகிறாள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரண்டு பஸ் ஏறிச் செல்கிறாள். 2009 ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் அந்த வழியிலே இழுவைப்படகுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் நாள் தொட்டே அவள் இடமாற்றத்துக்குரிய ஆண்டுகளை எண்ணுகிறாள். இதிலே குற்றங் காண ஒன்றுமில்லை. அவளுக்கும் தாய் தந்தையர் உளர்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு மாற்றம் நேர்வதுண்டு. கணிதத்திலே ஒருவரும் சித்தியடையாத வகுப்பு என்று ஒதுக்கப்பட்டதை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். மாலையிலே பிள்ளைகளை மறித்து வைத்துக் கற்பிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை முடிவு வருகிறது. நாலு பிள்ளைகள் சித்தி. மீன் விற்றுவிட்டுச் சைக்கிளிலே வரும் தகப்பன் ஒருவர் பாடசாலை வாயிலிலே நின்று, ரீச்சர் இருக்கிறாவா என்று கேட்கிறார். இடமாற்றக் கடிதம் வரும்போது அவள் அதை உடனே பிரிப்பதில்லை. அவளுக்குச் சம்பளம் கூடவில்லை, பஸ்ஸும் திருந்தவில்லை. ஹேர்ஸ்பேர்க் கூறியது இங்கே மெய்யாகிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே ஆசிரியை ஒரு நாள் லீவு கேட்டுப் போனபோது அலுவலகத்திலே எல்லார் முன்னும் கடிந்து பேசப்பட்டாள் என்றால், அல்லது அவள் கற்பித்த வகுப்பின் பெறுபேற்றுக்கு வேறொருவர் மாலை வாங்கினார் என்றால், அவள் கடிதத்தைப் பஸ் தரிப்பிலேயே பிரித்துவிடுவாள். சம்பள முரண்பாடு தீர வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டிலே ஆசிரியரும் அதிபரும் மாதக்கணக்கிலே நடத்திய போராட்டத்தை நாடறியும். பல ஆண்டு தீராத ஒரு மனக்குறை, பிள்ளைகளின்மேல் பற்றுடையோரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது. அவர்களைப் பற்றில்லாதவர் என்று பழித்தவர்கள் நிறைவையும் பற்றையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்பியவர்கள்.

கடைசியாக, நம் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். அவ்வாண்டு யூன் மாதத்திலே அரசாங்கமே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, அரசாங்க ஊழியர் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற லீவிலே சென்று உழைக்கலாம், அதனால் சேவை மூப்போ ஓய்வூதிய உரிமையோ கெடாது என்று அனுமதித்தது. நெருக்கடியான காலத்திலே அது வேண்டியிருந்த ஏற்பாடுதான். ஆயினும் அதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். விலகினால் இழக்க வேண்டியவை என்று பெக்கர் கூறியவற்றை இழக்காமலே விலகலாம் என்று அந்தச் சுற்றறிக்கை சொன்னது. கயிறு அறாமலே நீண்டது. யார் விருப்பத்தினால் இருந்தார், யார் கயிற்றினால் இருந்தார் என்பது அப்போது ஓரளவுக்குத் தெரிந்தது. முற்றாகத் தெரியவில்லை, ஏனெனில் கடவுச்சீட்டுக்கும் முகவருக்கும் பணமில்லாமல் நின்றவரும் பலர்.

சென்றவருடைய நாற்காலி ஒருபுறம் இருக்க, அவருடைய கோப்புகள் இருந்தவரின் மேசைக்கு வந்தன. துறைமுகத்திலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் இரண்டு பேர் வேலையை ஒருவர் சுமந்தனர். 2022 ஆம் ஆண்டிலே லீவு பெற்றவரின் ஐந்து ஆண்டு நிறைவது 2027 ஆம் ஆண்டில். திரும்பி வருபவர் மூப்புக் குறையாமல் வருவார். அருகிலிருந்து சுமந்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலே இருக்கிறது என்பதைக் கந்தோர்த் தலைவர்கள் அதற்கு முன்னரே பார்த்து வைக்க வேண்டும். யார் எந்த வேலையை எத்தனை மாதம் மேலதிகமாகச் செய்தார் என்று தனிக்கோவையிலே எழுதுவதற்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை, பணமும் தேவையில்லை. வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்திலே குறிப்புரை என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அது வெறுமையாகவே மேலே போகிறது.